மஞ்சளாகத் தெரிந்த பருத்தி

என் அன்பு மகன் செல்லையாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு வாசித்தேன். வைகாசிக் கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவைக்கலாம் என்று நீ எழுதியிருந்த பக்கம் அது. "நான் வாங்கி அனுப்பிய குளுக்கோஸ்தான் உங்களைச் சாவு வரைக்கும் கொண்டுபோனது என்றால், எந்த முகத்தோடு மாப்பிள்ளையாக வந்து நிற்பேன்" என்று கேட்டிருக்கிறாய். இதை உன் காதில் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். உன் தாய்மாமா போன வாரம் சென்னைக்கு வந்திருந்தாரே, அவர்தான். நடந்ததில் பாதியைத்தான் அவர் பார்த்தார். மீதிப் பாதியைத் தானே சேர்த்துக்கொண்டிருப்பார். அதனால் நானே உட்கார்ந்து முதலிலிருந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கடிதத்தின் முடிவில் இருக்குமோ என்று கடைசித் தாளைத் திருப்பிப் பார்க்காதே, அங்கேயும் இருக்காது.

கார்த்திகை மாதம் என் கால்கள் வீங்கினது உனக்குத் தெரியும். பருத்திக் கிட்டங்கியில் வேலை முடிந்து வீடு வருவதற்குள் செருப்பு வார் காலில் பதிந்துபோகும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருக்கிற டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்கள். பிறகு டிஜிட்டாலிஸ் என்று ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். சீமையில் பூக்கிற ஏதோ ஒரு செடியின் இலையில் இருந்து எடுப்பதாம். "உங்க இருதயம் களைச்சுப்போன மாடு மாதிரி இருக்கு. இந்த மருந்து அதை அழுத்தி மிதிக்க வைக்கும். ஆனா இது உடம்பில தங்கித் தங்கிச் சேர்ற மருந்து. ஒரு சொட்டும் கூடிரக் கூடாது" என்று சொன்னார்கள். உப்பையும் நிறுத்தச் சொன்னார்கள். அம்மா ஒவ்வொரு வேளையும் ஜன்னலோரம் வெளிச்சத்தில் நின்று சொட்டுகளை உதட்டுக்குள் எண்ணி, தண்ணீரில் விட்டுக் கொடுப்பாள். எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். அந்த விஷயத்தில் அவள் கை தவறியிருக்கும் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மருந்து கேட்டது. வீக்கம் வடிந்தது. கிறிஸ்துமஸுக்கு நீ லீவில் வந்தபோது உன்னோடு நடந்தே கோவிலுக்கு வந்தேன். ஆனால் நீ என்னையே பார்த்துக்கொண்டு வந்தாய். நீர் வடிந்த உடம்பு எலும்பும் தோலுமாக இருந்தது உன் மனதை உறுத்தியிருக்க வேண்டும். புது வருஷம் கழிந்து நீ திரும்பிப் போன கொஞ்ச நாளில் அந்தக் குளுக்கோஸ் பார்சல் வந்தது. உன் ஆபீசுக்குப் பக்கத்து மருந்துக் கடைக்காரர், இருதயத்துக்கு இதைவிடப் பலம் எதுவும் இல்லை, சீமைக்காரர்கள் எல்லாம் இதைத்தான் கரைத்துக் குடிக்கிறார்கள் என்று சொன்னதாக உள்ளே ஒரு சீட்டு வைத்திருந்தாய். சீனிக்கு ரேஷன் இருக்கிற இந்தக் காலத்தில் ஒரு டப்பா நிறைய இனிப்பு மாவு என்றால் சும்மாவா? அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். "தம்பி தன் வாயக் கட்டி வயித்தக் கட்டி வாங்கியிருக்கான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றே ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தாள். அதன்பிறகு காலையிலும் மாலையிலும் அது எனக்கு வழக்கமானது. நான் சரியாகச் சாப்பிடாத வேளைகளில் சோற்றுக்குப் பதிலாகவும் அதையே கொடுத்தாள்.

டாக்டரம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. சீனியைப் போய் யார் டாக்டரிடம் சொல்வார்கள்? வெல்லம் தின்றதைச் சொல்வோமா?

அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. இதை உன் மாமா சொல்லியிருக்க மாட்டார், அவருக்குத் தெரியாது. சொட்டு மருந்து தீர்ந்து புதிதாக வாங்கப் போனபோது கடையில் பழைய பாட்டில் இல்லை. "யுத்தத்துக்குப் பொறகு அந்தக் கம்பெனிச் சரக்கே ஒழுங்கா வாறதில்ல. இதுவும் அதே மருந்துதான், எடுத்துட்டுப் போங்க" என்று வேறு ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். நிறம் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது. அதே மருந்து என்றார்கள், அதே அளவு சொட்டு விட்டோம். அது டப்பா வந்ததற்கு முந்தியா பிந்தியா என்று கேட்டால் அம்மா ஒன்று சொல்கிறாள், நான் ஒன்று சொல்கிறேன்.

மாசி பிறந்ததும் பருத்தி வரத்து ஆரம்பித்தது. என் வேலை உனக்குத் தெரியும் என்றாலும் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் ஒருநாள் இதை வாசிப்பாள் என்று நினைத்து எழுதுகிறேன். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் இருந்தெல்லாம் வண்டி வண்டியாகப் பருத்தி எங்கள் முதலாளி கிட்டங்கிக்கு வரும். வண்டி வந்து நின்றதும் நான் போய் மேலே ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி எடுத்து, வெயில் நேராக விழாத இடத்தில் நின்று பார்ப்பேன். இழையின் நீளத்தைக் கட்டைவிரல் சொல்லிவிடும். நிறத்தைக் கண் சொல்ல வேண்டும். பனியோ மழையோ பட்டால், புழு அடித்தால், பருத்தியில் மஞ்சள் விழுந்துவிடும். மஞ்சள் விழுந்ததைத் தரம் தாழ்த்தி எடுப்போம். நான் வெள்ளை என்றால் வெள்ளை, மஞ்சள் என்றால் மஞ்சள். என் தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்தில் இருந்து அந்தக் கிட்டங்கியில் அதுதான் பேச்சு.

இந்த மாசியில் எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. சோற்றைக் கண்டாலே குமட்டியது. உடம்பு அசதியாக இருந்தாலும் வேலைக்குப் போனேன், வரத்துக் காலத்தில் எப்படி வீட்டில் உட்காருவது? வருகிற பருத்தியெல்லாம் மஞ்சள் தட்டியே வந்தது. முதலாளி கூடக் கேட்டார், "என்னங்க, இந்த வருசம் இம்புட்டு மஞ்சள் விழுந்திருக்கு?" என்று. "பனி ஜாஸ்தி, முதலாளி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். நம் கோவிலுக்கு வெள்ளையடித்தார்கள், அதுவும் மஞ்சளாகத் தெரிந்தது. ஈஸ்டருக்காகச் சுண்ணாம்பில் காவி கலந்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். விளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது, கலப்பட மண்ணெண்ணெய் என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது பார், அதுதான் எனக்கு இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. கண்ணில் கோளாறு என்று மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை.

திருச்சுழிக்குத் தெற்கே இருந்து முத்திருளப்பன் என்று ஒரு வெள்ளாமைச் சம்சாரி வருஷா வருஷம் பருத்தி கொண்டுவருவான். சுத்தமான கை. காய்ந்த இலைத் துணுக்கு ஒன்றுகூட இருக்காது. அன்று காலை அவன் வண்டி வந்தது. மூன்று இடத்தில் பிடி எடுத்துப் பார்த்துவிட்டு, "மஞ்சள் விழுந்திருக்கேப்பா" என்றேன்.

அவன் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். "ஐயா நல்லாப் பாருங்க" என்றான்.

"நல்லாத்தான் பாத்தேன். ரெண்டாந்தரம்."

அவன் முகம் மாறியது. வண்டியில் இருந்து ஒரு பிடியை உருவிக்கொண்டு என் பக்கத்தில் வந்தான். "என் பொஞ்சாதி பனி காயுறதுக்கு முந்தி ஒரு காயக்கூடத் தொடலங்கய்யா. இதுல எங்க மஞ்சள் இருக்கு, தொட்டுக் காட்டுங்க."

"எல்லாத்துலயும் இருக்கு."

"எல்லாத்துலயுமா?" அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு சத்தத்தைக் கூட்டி, அங்கே நின்ற மற்ற வண்டிக்காரர்களுக்கும் கேட்கும்படியாகக் கேட்டான். "அப்ப நீங்க கட்டியிருக்கிற வேட்டி என்ன நெறம், சொல்லுங்க."

கோபத்தில் கேட்டதுதான். நான் குனிந்து என் வேட்டியைப் பார்த்தேன். தம்பி, அது மஞ்சளாக இருந்தது. காலையில் அம்மா வெளுத்து மடித்துக் கொடுத்த வேட்டி. அவன் வேட்டியைப் பார்த்தேன், தலைப்பாகையைப் பார்த்தேன், எருதின் முதுகைப் பார்த்தேன். எல்லாம் ஒரே மஞ்சள். என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன். பேச்சுக்குப் பதிலாக வாந்திதான் வந்தது. கையில் இருந்த பருத்தியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என்னோடு சண்டைக்கு நின்ற அதே முத்திருளப்பன்தான் என்னைத் தூக்கி வண்டியில் போட்டான். பருத்தியை இறக்கக்கூட நிற்கவில்லை, அதன் மேலேயே கிடத்தி, மாட்டை விரட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். வழியில் மறுபடியும் வாந்தி எடுத்தேன், அவனுடைய பருத்தியின் மேல். "கெடக்கட்டும்யா, கெடக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நெஞ்சு இரண்டு தரம் அடித்து ஒருதரம் நின்றது. நிற்கிற ஒவ்வொரு தரமும் அடுத்தது வருமா என்று காத்துக்கிடந்தேன். பயமாக இருந்தது என்று சொல்வதைவிட, ஒன்றும் புரியாமல் இருந்தது என்று சொல்வதுதான் சரி. அன்று ஆரம்பித்த அந்தக் குழப்பம் இந்தக் கடிதம் எழுதுகிறவரைக்கும் தெளியவில்லை.

டாக்டரம்மா நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "சாமானெல்லாம் என்ன நிறமாத் தெரியுது?" என்பது. மஞ்சள் என்றதும் அவர்கள் முகம் இறுகியது. "மருந்து மிஞ்சிருச்சு" என்றார்கள். அதற்குள் அம்மாவும் மாமாவும் வந்துவிட்டார்கள். அம்மா சொட்டு பாட்டிலைக் கையிலேயே எடுத்து வந்திருந்தாள். "அளவு கூடலம்மா. சத்தியமாக் கூடல. மூணு மாசமா அதே அளவுதான்" என்றாள்.

"வேற என்ன குடுத்தீங்க? நாட்டு மருந்து, கஷாயம், லேகியம்?"

"ஒண்ணும் இல்லம்மா. தம்பி அனுப்புன குளுக்கோசு மட்டுந்தான்."

டாக்டரம்மா கேட்டார்கள், "எவ்வளவு?" அம்மா கையை வைத்துக் காட்டினாள். "ஒரு நாளைக்கு எத்தனை வேளை?" அதையும் சொன்னாள். டாக்டரம்மா, "இப்போதைக்கு ரெண்டையும் நிறுத்துங்க. சொட்டும் வேண்டாம், குளுக்கோசும் வேண்டாம்" என்று சொன்னார்கள். உன் மாமா அங்கே நின்று கேட்டது இவ்வளவுதான். குளுக்கோஸ் வேண்டாம் என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாட்களை எழுதி உன்னைக் கஷ்டப்படுத்தப் போவதில்லை. தண்ணீர்கூடத் தங்கவில்லை. நெஞ்சு நினைத்தபடி அடித்தது. அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஜெபம் செய்துகொண்டே இருந்தாள். பிறகு மெல்ல மெல்ல வாந்தி நின்றது, நாடி சீரானது, கஞ்சி இறங்கியது. மஞ்சள் ஒரே நாளில் போகவில்லை. வெயிலில் போட்ட துணி வெளுக்கிற மாதிரி நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டு போனது. எனக்கு முதலில் வெள்ளையாகத் தெரிந்தது அம்மாவின் தலைமுடி. அத்தனையும் எப்போது நரைத்தது என்று கேட்டேன். "நீங்க என்னைக்குப் பாத்தீக" என்றாள்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டேன். "மருந்து செஞ்சதா, மகன் அனுப்பிச்ச குளுக்கோசு செஞ்சதா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் சொன்னதை என் ஞாபகத்தில் இருக்கிறபடி எழுதுகிறேன். "நான் படிக்கும்போது குளுக்கோஸ் இருதயத்துக்கு நல்லதுன்னுதான் சொல்லிக்கொடுத்தாங்க. பெரிய ஆஸ்பத்திரியில இருதய நோயாளிக்கு ஊசியாவே போடுவோம். உங்க மகன் கேட்ட கடைக்காரர் சும்மா சொல்லல. ஆனா எங்க வாத்தியார் ஒருத்தர் மட்டும், டிஜிட்டாலிஸ் சாப்பிடுறவங்களுக்குச் சர்க்கரையை அள்ளிக் கொடுக்காதீங்கன்னு எச்சரிப்பார். சர்க்கரை ஏராளமா உடம்புக்குள்ள போகும்போது ரத்தத்தில இருக்கிற ஒருவித உப்பும் அதோட சேர்ந்து உள்ள போயிருமாம். ரத்தத்தில அந்த உப்பு குறைஞ்சா, அதே அளவு மருந்து இருதயத்தை ரெண்டு மடங்கா அடிக்குமாம். அவர் ஊசியைச் சொன்னாரா, வாயால குடிக்கிறதைச் சொன்னாரா, எனக்கு ஞாபகம் இல்ல. புது பாட்டில் பழசைவிடக் காரமா இருந்திருக்கலாம். இலை மருந்து ஒரு கம்பெனி மாதிரி இன்னொரு கம்பெனிது இருக்காது. இல்ல, மூணு மாசமாச் சேர்ந்த மருந்தே தானா மிஞ்சியிருக்கலாம். பசி போறதுதான் மருந்து மிஞ்சுறதுக்கு முதல் அடையாளம். நீங்க பசியில்லாம இருந்ததைப் பார்த்து வீட்டில குளுக்கோஸ் அதிகமாக் கொடுத்தாங்களா, குளுக்கோஸ் குடிக்க ஆரம்பிச்ச பிறகு பசி போச்சா?"

அதுதான் தம்பி, எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். பசி போனது முந்தியா, டப்பா வந்தது முந்தியா? பசி முந்திப் போயிருந்தால், உன் டப்பா வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே மருந்து எனக்குள் மிஞ்ச ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். டப்பா முந்தி என்றால் கணக்கு வேறு.

"எது செஞ்சதுன்னு இனிமேத் தெரிஞ்சுக்க வழியே இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு. ரெண்டையும் மறுபடி சேர்த்துக் கொடுத்துப் பார்க்கணும்" என்றார்கள் டாக்டரம்மா. "நான் பார்க்க மாட்டேன். நீங்களே கேட்டாலும் பார்க்க மாட்டேன். எனக்குத் தெரியாமலே போகட்டும்."

படித்த டாக்டரே தெரியாமல் போகட்டும் என்று சொல்கிறார்களே என்று எனக்கு முதலில் சங்கடமாக இருந்தது. பிறகு யோசிக்க யோசிக்க, அவர்கள் மேல் மரியாதைதான் கூடியது. இப்போது சொட்டு மருந்தை மட்டும், முன்னைவிடக் குறைத்து, மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். நாடியை வாரம் தவறாமல் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். குளுக்கோஸ் அடியோடு கிடையாது. எந்தப் பலகாரம், எந்த டானிக் புதிதாக வாங்கினாலும் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும் என்பது கட்டளை. நாளை உன் குடும்பத்திலும் இப்படி ஏதாவது வரும்போது, அது யாரால் வந்தது என்று தேடிக்கொண்டு நிற்காமல், அவர்கள் செய்ததுபோல முதலில் எதையெல்லாம் நிறுத்தலாம் என்று பார். கட்டின பெண்ணைக் கேட்டுச் செய், டாக்டரிடம் ஒன்றையும் மறைக்காதே. அதற்குமேல் புத்தி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் வெள்ளாடு வயிறு உப்பிச் செத்ததே, நினைவிருக்கிறதா? அன்று காலையில் அது பக்கத்துப் புஞ்சையில் இளஞ்சோளத்தைக் கடித்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் யாரோ போட்ட ஆமணக்குக் குழையையும் தின்றிருந்தது. இளஞ்சோளம்தான் கொன்றது என்று நான் சொன்னேன். ஆமணக்குதான் என்று உன் மாமா சொல்லி, குழை போட்ட அடுத்த வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போனார். அந்த வீட்டோடு நமக்குப் பேச்சுவார்த்தை அதோடு போனது. ஆடு எதனால் செத்தது என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. உன் மாமா அப்படித்தான். ஒன்றும் தெரியாமல் ஒரு பொழுதுகூட அவரால் இருக்க முடியாது. இப்போதும், "செல்லையா அனுப்புன சீனிதான் எமன்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "சொட்டு மருந்துதான் செஞ்சது. சீமை இலைச்சாறு. எம்பிள்ள அனுப்புன இனிப்பு எப்படிக் கெடுதி செய்யும்" என்பது அவள் கட்சி. சொட்டை எனக்குக் கொடுக்க அவளுக்கு இப்போது மனதில்லை. கால் மறுபடி வீங்குவதைக் காட்டின பிறகுதான் பாட்டிலைக் கையில் எடுத்தாள். இப்போது யாரும் பேச்சுக் கொடுக்காவிட்டாலும் ஒருதரம் கொட்டிவிட்டு மறுபடி எண்ணுகிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மாமா பேசினால் அவர் சொல்வது சரி போல இருக்கிறது. அம்மா பேசினால் அவள் சொல்வது சரி போல இருக்கிறது.

நடந்தது ஒன்றும் தெரியாமல் நீ அனுப்பின இரண்டாவது பார்சல், நான் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு வந்தது. மாமா அதை வாய்க்காலில் கொட்டச் சொன்னார். அம்மா அதைச் சமையல்கட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை தண்ணீர் மோக்கப் போனேன், அவள் அடுப்படியில் நின்றுகொண்டு அதைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டம்ளரை மறைக்கவில்லை. "தெனமும் குடிக்கிறேன். எனக்கு என்ன செஞ்சிருச்சு?" என்றாள். அவள் சொட்டு மருந்து சாப்பிடுகிறவள் இல்லை, அதனால் அவள் குடிப்பதில் எதுவும் தெரியப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியாமல் இல்லை. நான் தண்ணீரை மோந்துகொண்டு வந்துவிட்டேன்.

கிட்டங்கிக்கு மறுபடி போகிறேன். முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். நான் இரண்டாந்தரம் என்று ஒதுக்கினதில், கொட்டை பிரிக்க இன்னும் அரைக்காமல் இருந்ததை எல்லாம் வேறு ஆளை வைத்து மறுபடி பார்க்கச் சொன்னார். அத்தனையும் முதல்தரம். சம்சாரிகளுக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிட்டார். அரைத்துப் போனதை என்ன செய்வது? யார் யார் பருத்தி என்று எனக்கு ஞாபகம் இருந்தவரைக்கும், அவர்கள் வண்டி வரும்போது போய்ச் சொன்னேன். ஒருவர் என்னோடு பேசாமலே போய்விட்டார். முத்திருளப்பன் அழுக்கான மேல்பருத்தியை மட்டும் ஒதுக்கிவிட்டு, மீதியை விருதுநகருக்குக் கொண்டுபோய் நல்லபடியாகவே விற்றுவிட்டான். போன வாரம் வீட்டுக்கு வந்தான். "மகன் கல்யாணத்துக்கு எனக்குச் சொல்லாம இருந்துறாதீக" என்றான். இப்போது நான் ஒரு பிடியை எடுத்தால், பக்கத்தில் இருக்கிறவரிடம் ஒருதரம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் வெள்ளை என்று சொல்கிறேன். கண் தெளிந்துவிட்டது என்று டாக்டரம்மா சொல்கிறார்கள். ஆனாலும் அன்றும் இதே கண்ணால்தானே பார்த்தேன்.

நேற்று மத்தியானம் உன் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தேன். நான் விட்டு வாசித்த பக்கத்தில் என்ன இருந்தது என்று அம்மா கேட்டாள். அவளிடம் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.  புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தாமலே சொன்னாள்.

"புது வருசத்தன்னைக்கு ஆட்டுக்கறி ஆக்குனேன். நீங்க ஒரு வாய் வச்சிட்டு, வேணாம்னு வட்டில்ல ஒதுக்கிட்டீக. அன்னைக்கே ஒங்களுக்குப் பசி போயிருச்சு. டப்பா அதுக்குப் பெறகுதான் வந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தம்பிக்கு எழுதுங்க."

இதை அவள் இதற்கு முன் ஒருநாளும் சொன்னதில்லை. டாக்டரம்மா அத்தனை தரம் கேட்டபோதும் சொல்லவில்லை. எனக்கோ, அன்று அவளிடம் ஈரலைக் கேட்டு வாங்கி, இரண்டாம் முறையும் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டதாக ஞாபகம். யார் ஞாபகம் சரி? அவளுக்கு உண்மையிலேயே நினைவு வந்ததா, உன் கடிதத்தைக் கேட்ட பிறகு உனக்காகச் சொன்னாளா? அவள் முகத்தைப் பார்த்தேன். புளியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அவள் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். அன்று நீயும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாய், செல்லையா. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். எங்கள் இரண்டு பேரைத் தவிர, நான் சாப்பிட்டேனா, ஒதுக்கினேனா என்று பார்த்தவன் உலகத்தில் நீ ஒருவன்தான். உனக்கு அது ஞாபகம் இருந்தாலும் எனக்கு எழுத வேண்டாம். வைகாசியில் கல்யாணத்துக்கு வா. தேதியை மாற்றவில்லை. நீ வந்ததும் அம்மா அந்தக் கறிச் சோற்றுக் கதையை உன்னிடம் சொல்லுவாள், யார் இருந்தாலும் சொல்லுவாள். சொல்லும்போது நீ, "ஆமாம்மா, நானும் பாத்தேன்" என்று சொல்லு.

உன் அப்பா